பென்சிலில் எழுதிய அளவுகள்

பெங்களூருக்கு வந்த மூன்றாம் நாள், பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி நான் கையைப் போட வேண்டியிருந்தது. ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் முதல் செய்முறை வகுப்பு அது. இருவர் இருவராக நிறுத்தி, ஆளுக்கொரு டேப்பும் அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். கழுத்துச் சுற்று, தோள் அகலம், மார்பு, இடுப்பு, முழங்கை, கணுக்கால் என்று தாளில் முப்பத்திரண்டு கட்டங்கள். எதிரே நின்ற மங்களூர்ப் பெண் பஸ் கம்பியைப் பிடிப்பவள் மாதிரி சாவகாசமாகக் கைகளைத் தூக்கிக்கொண்டாள். நான் டேப்பை அவள்மேல் படாமல் பிடிக்கப் பார்த்தேன். தொடாமல் எப்படி அளப்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள். எனக்கு வியர்த்துவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். விருதுநகரில் எங்கள் தெருவில் யாரும் உடம்பை அளந்து நான் பார்த்ததில்லை. புதுத் துணியோடு பழைய ரவிக்கை ஒன்றையும் மஞ்சள் பையில் போட்டு டெய்லரிடம் கொடுத்துவிட்டு வருவோம். அதுதான் அளவு ஜாக்கெட். அம்மா அதைச் சாமி அலமாரியின் கீழ்த் தட்டில் தனியாக வைத்திருப்பாள். அது காணாமல் போனால் ரேஷன் கார்டு தொலைந்ததுபோல வீடே அமளிப்படும். பக்கத் தையலில் டெய்லர் நான்கைந்து ஓட்டம் போட்டு வைத்திருப்பார். உடம்பு பெருத்தால் ஒரு ஓட்டத்தைப் பிரித்துவிட்டால் போதும். அம்மா நர்சரிப் பள்ளி ஆசிரியை. அப்பா போன பிறகு என்னைத் தனியாக வளர்த்தவள். வருடா வருடம் ஒரு ஓட்டம் பிரிவதைப் பார்த்து, "சாக்பீஸ் தூளத் தின்னே பெருத்துட்டேன் போல" என்பாள். எங்களுக்கு உடம்பு என்றால் அந்த ரவிக்கைதான்.

கல்லூரியில் கேட்கவே கூச்சமாக இருந்த சொற்களையெல்லாம் நான்கு வருடத்தில் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். முதல் பாடமே அளவை எப்போதும் பென்சிலில் எழுத வேண்டும் என்பது. ஆடையைப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் திருத்தம் வரும். பழைய எண் தாளில் கிடந்தால் துணி வெட்டுகிறவர் குழம்பிப்போவார், அதனால் அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். இந்த விஷயத்தில் நான் ரொம்ப ஒழுங்கு. என் பென்சில் பெட்டியில் எந்நேரமும் இரண்டு ரப்பர் இருக்கும்.

கடைசி வருடப் பயிற்சிக்கு ஐம்பது வயதைத் தாண்டிய, மாடலாக இல்லாத ஒரு பெண்ணுக்கு உடை செய்து மேடையில் நடக்கவைக்க வேண்டும் என்றார்கள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் நான் மாடி அறையில் குடியிருந்த வீட்டுக்காரர் ஸ்டெல்லா ஆன்ட்டி கீழேயே இருந்தார். பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன் கனடாவில். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ். பாதி வாக்கியத்தில் கன்னடம் ஏறி அடுத்த வாக்கியத்தில் இறங்கிவிடும். நான் விஷயத்தைச் சொன்னதும், "என்னைப் போய் ஸ்டேஜ்ல ஏத்துறியா? சும்னே தமாஷ் பண்ணாதே மா" என்றார். மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது அவரே, "என்ன கலர்ல தைப்பே?" என்று கேட்டார்.

ஜனவரியில் முதல் அளவு எடுத்தேன். கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தார். இடுப்பு முப்பத்தாறு. நல்ல துணியில் வெட்டுவதற்கு முன் மலிவான துணியில் ஒரு மாதிரி உடை தைத்துப் பார்ப்போம். கல்லூரியில் அதற்கு மஸ்லின் என்று பெயர். நம் ஊர்க் காடாத் துணிதான். மாதக் கடைசியில் அதைப் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. பிப்ரவரி முடிவில் கைப்பகுதியைத் திருத்துவதற்காக அதையே அவருக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன். இடுப்பில் தொளதொளவென்று நின்றது. அளந்தால் முப்பத்தைந்து.

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு முதலில் வந்த சந்தேகம் டேப்பின் மேல். டேப் பழசானால் இழுபட்டு நீண்டுவிடும், நீண்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும். சிவாஜிநகருக்குப் பஸ் ஏறிப் போய், இழுபடாத நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கி, கல்லூரி ஸ்டீல் ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்து வந்து அளந்தேன். அப்போதும் முப்பத்தைந்துதான். ஆசிரியையிடம் சொன்னேன். "ஒரு மாசத்துல பாடி மாறாது. உன் கைதான் மாறியிருக்கு" என்றார். வெட்கமாகப் போயிற்று. முப்பத்தாறை அழித்தேன், முப்பத்தைந்தை எழுதினேன், இரண்டாவது மஸ்லினைச் சின்னதாக வெட்டினேன். இதற்கு எங்கள் வகுப்பில் ஃபிட் பிரச்சினை என்று பெயர்.

ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டாவதும் தொளதொளத்தது. இடுப்பு முப்பத்து மூன்றரை. மேல்கையில் டேப்பைச் சுற்றும்போது தோல் என் விரலோடு கொஞ்சம் நகர்ந்து வந்தது. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, கைத்துளையைக் கால் இஞ்ச் குறைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். ஆன்ட்டிக்கு அப்போது ஒரே சந்தோஷம். "சர்ச்ல எல்லாரும் என்ன டயட்னு கேக்கறாங்க மா. நான் ஒண்ணும் பண்ணலே, ராத்திரி ஊட்டா பேடா, சாப்பாடே வேணாம்னு தோணுது, அவ்ளோதான்" என்றார். மேஜையில் மதியச் சோறு பாதிக்கு மேல் அப்படியே மூடிக் கிடந்தது. வயிறு உப்புசமாக இருப்பதாகச் சொல்லி அடிக்கடி சோடா வாங்கிக் குடித்தார். சோடா பாட்டில்கள் மாடிப்படிக்குக் கீழே சேர்ந்துகொண்டே வந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் நான் என் அறைக்கு ஏறினேன்.

கல்லூரியில் வெட்டும் மேஜைக்குப் பொறுப்பு மஞ்சுநாத் மாஸ்டர். கார்மென்ட்ஸ் ஆலையில் பல வருடம் துணி வெட்டிவிட்டு வந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். மூன்றாவது மஸ்லினை வெட்ட அவர் மேஜைக்குப் போனபோது, முந்தைய இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "யாக்கம்மா, இவரு சரியாகி ஊட்டா மாட்தாரா?" என்றார். சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். பெங்களூரில் ஊட்டா ஆயித்தா, சாப்பாடு ஆயிற்றா, என்பது வணக்கம் மாதிரி. காவலாளி கேட்பார், கண்டக்டர் கேட்பார், யாரும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். இதையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்து, "ஆயித்து சார்" என்று சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையும் துணியையும் இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். கன்னடம் எனக்கு ஓரளவு வந்துவிட்டது என்று அந்த நாட்களில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதம் மேடை நிகழ்ச்சி. ஆழ்ந்த பச்சையில் நீள அங்கி, இடுப்பில் இறுக்கம். மேடைக்குப் பின்னால் ஆன்ட்டிக்கு அணிவித்தபோது அந்த இறுக்கம் மறுபடியும் காணாமல் போயிருந்தது. பதினைந்து நிமிடம்தான் இருந்தது. எல்லா மாணவர்களும் செய்வதுபோல உடம்போடு வைத்தே தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். எடுத்ததும் அம்மா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட அவசரத்தில் சட்டைப் பொத்தான் பிய்ந்தால் அம்மா கழற்றித்தான் தைப்பாள். கழற்ற நேரமே இல்லையென்றால் என் பல்லுக்கிடையில் ஒரு துண்டு நூலைக் கொடுத்துவிட்டுத் தைப்பாள். எதற்கு என்று கேட்டேன். "செத்தவங்களுக்குத்தான்டி உடம்போட வச்சுத் தைப்பாங்க. நூலைக் கடிச்சுக்கோ, நீ உசுரோட இருக்கேன்னு தெரியட்டும்" என்றாள்.

ஆன்ட்டியிடம் ஒரு துண்டு பச்சை நூலை நீட்டினேன். "எனக்கு ஏசப்பா இருக்காரு, நூல் எதுக்கு?" என்றவர், என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, வாங்கிக் கடித்துக்கொண்டார். முதுகுப் பக்கம் தைத்தேன். ஊசி போகும் வழியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. ஜனவரியில் அவை இருந்த இடமே எனக்குத் தெரியாது. பயந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பெயர் கூப்பிட்டார்கள், ஆன்ட்டி நூலைத் துப்பிவிட்டு நிமிர்ந்து நடந்தார், கைதட்டினார்கள். நடுவர் ஒருவர் மைக்கில் என் உடையின் ஃபிட் அற்புதம் என்றார். நான் மேடையில் ஏறிக் கும்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, சர்ச் வாசலில் ஆன்ட்டி மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். இளம் டாக்டர், கன்னடக்காரப் பெண், எத்தனை மாதமாக எடை குறைகிறது என்று கேட்டார். "இப்பத்தான், ஒரு மாசமா இருக்கும்" என்றார் ஆன்ட்டி. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. மகன் வாரா வாரம் போனில் முகத்தை மட்டும் பார்த்தவன். டாக்டர் என்னைப் பார்த்தார். பையிலிருந்து என் அளவுத் தாளை எடுத்தேன். முப்பத்திரண்டு கட்டத்திலும் கடைசி எண் மட்டும் சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தையதையெல்லாம் நானே அழித்திருந்தேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். மூன்று மஸ்லின்களும் என் அலமாரியில் மடித்தபடி இருந்தன. ஒவ்வொன்றின் உள்பக்கமும் வெட்டிய தேதி எழுதியிருந்தது. அதுவும் கல்லூரிப் பழக்கம். கொண்டுபோய் டாக்டரின் மேஜையில் வரிசையாக விரித்தேன். டாக்டர் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார், மஞ்சுநாத் மாஸ்டர் பார்த்த அதே மாதிரி. முதல் உடை எப்போது தொளதொளத்தது என்று கேட்டார். பிப்ரவரி என்றேன். "அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கி, ஆன்ட்டி இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வயிற்றில் கட்டி என்பது இரண்டு நாளில் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் டேப்போடு அந்த உடம்பைத் தொட்ட ஒரே ஆள் நான். என்னை மன்னித்துக்கொள்ள எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. ஆன்ட்டியிடம் ஒருநாள் அழுதுகொண்டே சொன்னேன். "உனக்குத் துணி தெரியும், அவ்ளோதான் மா. எனக்கே தெரியலையே" என்றார்.

படிப்பு முடிந்து இப்போது இங்கேயே ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் வேலை செய்கிறேன். அதே மாடி அறை. ஆன்ட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது. உடம்பு தேறுகிறதா என்று அவர் தன் மேல்கையைத் தானே அளந்துகொள்கிறார். சிவாஜிநகரில் வாங்கிய நல்ல டேப் அதற்காகவே கீழ் வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்து வந்து அளந்து எனக்குச் சொல்வார், நான் பேனாவால் நோட்டில் எழுதிக்கொள்வேன். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு பத்தரை இஞ்ச் இருந்தது. என் நோட்டில் ரப்பருக்கு இனி வேலையில்லை.

ஆவணியில் சித்தி மகள் கல்யாணம் என்று ஊருக்கு வந்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு வருகிறேன். நானே ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்றதும் அம்மா வழக்கம்போல அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிரித்துவிட்ட ஓட்டங்களின் ஊசித் தடம் அப்படியே இருந்தது. அவற்றுக்கெல்லாம் உள்ளே, இரண்டு பக்கமும், வேறு நிற நூலில் புதிதாக ஒரு கைத்தையல்.

"இது யாரு போட்டது?"

"நான்தான். தொளதொளன்னு இருந்துச்சு, ஒரு ஓட்டம் ஓட்டிக்கிட்டேன். வயசாகுதுல்லடி" என்றாள் அம்மா.

ஜாக்கெட்டைக் கீழே வைத்தேன். "கையைத் தூக்கும்மா" என்றேன். "எங்கிட்டயேவா" என்று கூச்சப்பட்டாலும் தூக்கினாள். வீட்டுத் தையல் டப்பாவில் கிடந்த டேப்பை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவின் இடுப்பைச் சுற்றினேன். முப்பது காட்டியது. அந்த டேப் என் பள்ளிக் காலத்திலிருந்து இருக்கிறது. ஓரம் நைந்து, இழுத்தால் நீள்கிறது. அது குறைத்துக் காட்டுகிறதா, அம்மா குறைந்திருக்கிறாளா என்று சொல்ல நல்ல டேப் வேண்டும். அது லிங்கராஜபுரத்தில் ஆணியில் தொங்குகிறது. இவளுடைய பழைய எண்ணும் என்னிடம் இல்லை, யாரும் எடுத்ததே இல்லை.

"எவ்வளவுடி இருக்கு?" என்று அம்மா கையை இறக்காமல் கேட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மேஜையில் போன் அடித்தது. டேப்பை விடாமல் இன்னொரு கையால் எடுத்தேன்.

"செல்வி, இன்னிக்குப் பத்தேகால் மா" என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி. "எழுதிக்கோ."

பேனா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்க எனக்குக் கை இல்லை.