நன்றிப் பக்கத்திலிருந்து நான் எடுத்த பெயர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடிக் கிருத்திகை அன்று நடந்தது இது. கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் எங்கள் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸ்தினாபுரத்தில் ஒரு முருகன் கோயில் மண்டபத்தில் பதினைந்து பெண்கள் கூடிப் பாடுவோம். எல்லாம் ஒரே மகானின் பாட்டுகள். முருகன் மேல் சந்தம் துள்ளத் துள்ளப் பாடிவைத்துவிட்டுப் போனவர். பத்து வருஷமாக முதல் அடி எடுத்துக் கொடுப்பது நான்தான். குரல் நல்லா இருக்கு என்று நாலு பேர் சொல்லிச் சொல்லியே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் கிருத்திகைக்கு ஐம்பது பாட்டுகளைப் பெரிய எழுத்தில், சொல் பிரித்து, ஒரு புத்தகமாகப் போடலாம் என்று குழுவில் முடிவானது. வேலை என் தலையில் விழுந்தது. நானும் ஜம்பமாகத் தலையாட்டிவிட்டேன். எங்களிடம் இருந்த பழைய புத்தகத்தில் ஒரு வரி என்றால் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே சொல் மாதிரி ஓடும். எங்கே வெட்டுவது என்று தெரியாது. பாடும்போது மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வெட்டி டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு ரிட்டயர்டு தமிழ் டீச்சர் தனியாக இருந்தார். கிறிஸ்தவர். கணவர் தவறிவிட்டார், மகள் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அதுவரை எங்களுக்குள் பெரிய பழக்கம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் நான் சத்தமாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. டீச்சர் நின்றிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன். அந்த மூணாவது அடியில சொல்லை நடுவுல உடைக்கிறீங்க. அப்படி உடைச்சா முருகன் மயில் மேல ஏற மாட்டார், மயில்தான் முருகன் மேல ஏறும்."

எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு எதற்கு நம்ம சாமி பாட்டு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் உள்ளே வந்து உட்கார்ந்து அந்த அடியைப் பிரித்துக் காட்டியதும் பழைய புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன். பத்து வருஷமாக நான் பாடியது வெறும் சத்தம்தான். அன்றைக்குத்தான் பாட்டு எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு இரண்டரை மாசம், தினமும் மூன்று மணிக்கு டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இருவரும். பின்னால் சுவரில் சிலுவை, மேஜையில் முருகன் பாட்டு. சிவப்புப் பேனாவும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, எனக்குப் புரிவதற்காக ஓரத்தில் பொடி எழுத்தில் அர்த்தம் எழுதுவார். புத்தகத்தில் போடப்போவது பாட்டு மட்டும்தான். ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் அகராதியைப் புரட்டுவார், மறுநாள் நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே, "கிடைச்சிருச்சும்மா!" என்று வாசலில் நிற்பார். "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். ரிட்டயர் ஆனதும் கேட்கறதுக்கு ஆளில்லாமப் போச்சு" என்றார் ஒருநாள். அந்த ஐம்பது பாட்டில் நான் செய்த வேலை டைப் அடித்தது மட்டும்தான்.

நன்றிப் பக்கத்தில் முதல் பெயராக டீச்சர் பெயரைத்தான் போட்டிருந்தேன். அதை முருகன் அறிவான். குரோம்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் கடைசி முறை கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு 'சரி' சொல்லப் போயிருந்தேன். பெரிய ஸ்கிரீனில் அந்தப் பெயரைப் பார்த்ததும் என்னவோ செய்தது. கோயிலில் வைத்து வெளியிடுகிறோம். இந்தப் பெயரைப் பார்த்தால் யாராவது ஏதாவது சொல்வார்களோ? 'நம்ம பாட்டைத் திருத்த வேற ஆளே கிடைக்கலையா'ன்னு கேட்டுவிட்டால்?

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். அந்தப் பெயரை எடுக்கச் சொன்னேன். ஆபரேட்டர், "அந்த இடம் காலியா தெரியும்க்கா, என்ன போடட்டும்?" என்று கேட்டார். நான் ஒரு வரி சொன்னேன். அதோடு என் பெயரையும் சொன்னேன். 'பிழை திருத்தி தொகுத்தவர்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

டீச்சரை விழாவுக்குச் சரியாகக் கூப்பிடக்கூட இல்லை. "கூட்டமா இருக்கும் டீச்சர், உங்க முழங்காலுக்குக் கஷ்டம். நான் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கிருத்திகை அன்று காலையில் மண்டபம் நிரம்பியிருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கில், ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து பிரித்தது எவ்வளவு சிரமம் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெளிர்நீலப் பட்டுப்புடவையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். டீச்சர்! ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். யாரோ அவர் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவர் முன்பக்கங்களைப் புரட்டுவது மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கத்தில் கை நின்றது. ரொம்ப நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் புதுப் புத்தகம்.

"அக்கா, ஒரு டவுட்டு. இந்தப் பாட்டுல 'அஞ்சல்'னு ஒண்ணு வருதே, அதுக்கு இன்னா அர்த்தம்? எங்க வூட்டுக்காரருக்கு ஹார்ட்டுல ஆபரேசன் வச்சிக்கீறாங்க. தெனம் ஒரு பாட்டு படிக்கலாம்னு கீறேன். அர்த்தம் தெரிஞ்சி படிச்சா நல்லாருக்கும்ல?"

டீச்சர் சொல்லிக் கொடுத்த சொல்தான். ஆனால் அந்த நேரத்தில் மண்டையில் ஒன்றுமே இல்லை. கடைசி வரிசையைப் பார்க்கும் தைரியமும் இல்லை. 'தெரியலைம்மா, கேட்டுச் சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னாடை போர்த்திக்கொண்டு எப்படிச் சொல்வது? "அஞ்சலின்னு அர்த்தம்மா. கையெடுத்துக் கும்பிடறது" என்று அடித்துவிட்டேன். அந்தப் பெண் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

விழா முடிந்ததும் டீச்சரிடம் ஓடினேன். வாய் தானாகப் பொய்யை ஆரம்பித்தது. "டீச்சர், உங்க பேரு... பிரஸ்ல எப்படியோ விட்டுட்டாங்க டீச்சர்."

டீச்சர் புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார். "'திருத்தித் தொகுத்தவர்'னு வரணும்மா. ஒரு 'த்' விட்டுப்போயிருக்கு. இந்த ஒரு வரி மட்டும் என்கிட்ட வரலை பாருங்க."

அவரே தொடர்ந்தார். "அது போகட்டும். அந்தப் பொண்ணுக்குத் தப்பா சொல்லிட்டீங்களேம்மா. அஞ்சல்னா பயப்படாதேன்னு அர்த்தம். அவங்களுக்கு இப்போ வேண்டியதே அந்த ஒரு சொல்தான். எப்படியாவது தேடிப் பிடிச்சுச் சொல்லிருங்க."

வெளியே ஆட்டோ காத்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். நானும் அதே அபார்ட்மென்ட்டுக்குத்தான் போக வேண்டும். கூட வருகிறேன் என்று சொல்லாமல் மண்டபத்துக்குள் திரும்பிவிட்டேன்.

மறுநாள் எதிர் வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் வாட்ச்மேன்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ராத்திரி படுத்தால் பெயரை எடுத்தது உறுத்தும். அதைவிட அந்தப் பெண்ணின் முகம் உறுத்தும். வெள்ளிக்கிழமை குழுவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் குழுவில் மூத்தவர், அஸ்தினாபுரத்திலேயே பரம்பரையாக இருக்கும் குடும்பம், நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுவோம். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று நான் பயந்தபோது என் மனசில் வந்த முகம் அவருடையதுதான். அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஏம்மா, நான் எப்போ அப்படிச் சொன்னேன்? தெரிஞ்சிருந்தா அந்தம்மாவை மேடையில உட்கார வச்சிருப்பேனே! உன் மனசுல இருந்ததுக்கு என்னை ஏன் இழுக்கறே?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சாக்குச் சொல்லக்கூட எனக்கு ஒருவரும் மிச்சமில்லை.

பெரியம்மாதான் அந்தப் பெண்ணை விசாரித்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வாசலிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள். நான் போனபோது ஒரு பள்ளிக்கூட யூனிஃபாரத்துக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நின்ற இடத்திலேயே சொன்னேன். "அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன்மா. எனக்கு அர்த்தம் தெரியாது. அஞ்சல்னா கும்பிடறது இல்லை. பயப்படாதேன்னு அர்த்தம்."

அவள் கையிலிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பயப்படாதேன்னா? அப்படியா கீது அதுல? நான் கும்பிடறேன், கும்பிடறேன்னு நெனச்சிகினு படிச்சிகினு கீறேன். சாமி அங்கேர்ந்து பயப்படாதே, பயப்படாதேன்னு சொல்லிகினு கீதா?" சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இது யாருக்கா உனுக்குச் சொன்னது?"

"எங்க எதிர் வீட்டு டீச்சர். அந்தப் புத்தகம் பூரா அவங்க பிரிச்சதுதான். கிறிஸ்டியன்."

"நல்லா இருக்கட்டும் மகராசி. நான் கேட்டேன்னு சொல்லுக்கா." அவ்வளவுதான். மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தானா நான் அவ்வளவு பயந்தேன் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் ரயில் ஏறிக் காட்டாங்குளத்தூர் போனேன். கதவைத் திறந்த மகளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வாங்க என்று சொன்னாளே தவிர முகம் கொடுக்கவில்லை. டீச்சர் முன்னால் உட்கார்ந்து, பிரஸ் விடவில்லை, நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். தையல்காரப் பெண் சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் டீச்சர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. பிறகு சொன்னார். "எனக்கு வருத்தமில்லைன்னு சொன்னா அது பொய்ம்மா. அன்னைக்கு ஆட்டோவுல அழுதுக்கிட்டேதான் வந்தேன். பேருக்காக இல்லைன்னு மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். பேருக்காகவும்தான்."

பெரிய மனசோடு 'அதனால என்னம்மா' என்று அவர் சொல்லியிருந்தால் நான் லேசாகத் திரும்பி வந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம்.

அடுத்த பதிப்பில் அவர் பெயர் முதலில் வந்தது. என் பெயருக்கு நேராக 'தட்டச்சு' என்று மட்டும் இருக்கிறது. டீச்சர் கீழ்க்கட்டளைக்குத் திரும்பி வந்தார், இப்போதும் சந்தேகம் கேட்டால் சொல்லித் தருகிறார். ஆனால் 'கிடைச்சிருச்சும்மா' என்று வாசலில் வந்து நிற்பதில்லை. நான்தான் போய்க் கதவைத் தட்டுகிறேன். அந்த மகானின் பாட்டுகளில் தன்னையே பொய்யன், வஞ்சகன் என்று அவர் நொந்துகொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. பத்து வருஷமாக அவற்றை ராகம் போட்டு இழுத்து, நல்லா இருக்கு என்று பெயர் வாங்கியவள் நான். இப்போது அந்த இடம் வந்தால் குரல் தானாக இறங்கிவிடுகிறது, ஏனென்றால் அங்கே நான் பாடுவது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.