கடைசிக் கூடாரத்துப் பாப்பா

பஸ் டிப்போவின் பிரேக் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். காதோரம் நரை விழ ஆரம்பித்துவிட்டது. கையெல்லாம் கிரீஸ் ஏறி, எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் 'பாப்பாக்கா' என்கிறார்கள். அது என்ன முறை என்று யாரும் யோசிப்பதில்லை.

அவளுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, ஒருநாள் காலை வேலைக்குப் போவதுபோல் பையை மாட்டிக்கொண்டு போன அம்மா திரும்பி வரவில்லை. செத்துப்போகவில்லை, காணாமலும் போகவில்லை. வேறு ஊரில் வேறு ஒருவரோடு இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அப்பா பஸ் டிரைவர். மனிதர் அழவில்லை, கத்தவில்லை, ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பாவின் அக்கா தன் டிரங்குப் பெட்டியோடு வந்து சமையலறையைக் கைப்பற்றினாள். அந்த மாதத்திலிருந்துதான் பாப்பா படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள்.

அத்தைக்கு வாய் நீளம். டம்ளரைக் கழுவாமல் வைத்தால் தெருவுக்கே கேட்கும். ஆனால் நனைந்த விரிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். விடிந்ததும் எடுத்துப் போவாள், அலசுவாள், பின்பக்கம் கொடியில் யார் கண்ணிலும் படாமல் உலர்த்துவாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும் பாப்பாவுக்கு.

பாப்பாவுக்குப் பதின்மூன்று வயதான அந்தக் கோடையில், பல ஊர்ப் பிள்ளைகளுக்கென்று காட்டுக்குள் நடக்கும் முகாமில், டிப்போ மூலம் அவளுக்கு இடம் கிடைத்தது. கூடாரத்தில் தங்கல், காட்டுக்குள் நடை, ஆற்றுக் குளியல். அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். "நாலு பேரோட பழகினா பயம் தெளியும்" என்றார்.

"டேய், இவளுக்கு அது..." என்று அத்தை இழுத்தாள்.

"அதெல்லாம் அங்க போனா தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குக் கிளம்பினார்.

முகாமை நடத்தியவள் ஓர் உடற்பயிற்சி டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசில் டீச்சர். முதல்நாள் அவள் செய்த காரியம், பிள்ளைகளை மைதானத்தில் நிற்கவைத்து, "பிடிச்சவங்களோட மூணு மூணு பேரா சேர்ந்துக்குங்க" என்றது. பிள்ளைகள் ஈ மொய்ப்பதுபோல் ஒட்டிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தபோது நடுவில் மூன்று பேர் மிஞ்சி நின்றார்கள். ஒருத்தி பாப்பா. இன்னொருத்தி கம்பம்போல் உயரம், அந்த வெயிலிலும் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, யார் கேட்டாலும் பதில் இல்லை. மூன்றாமவள் வாயே மூடவில்லை. மூச்சு விடுவதற்குக்கூட இடைவெளி விடாமல் பேசினாள். அவளோடு பஸ்ஸில் வந்த பிள்ளைகள் அதற்குள் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்து, தலைவலி என்று விலகி ஓடியிருந்தார்கள்.

குப்பைக்குழிக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கூடாரம் இவர்களுக்கு வந்தது. "ஈ தொல்லை இருக்கும், பரவாயில்ல. எங்க வீட்டுக்குக் கீழ மூக்குக்கண்ணாடிக் கடை, எதிர்ல மணிக்கூண்டு, அது எப்பவும் தப்பாத்தான் அடிக்கும். அதுக்கு ஈ எவ்வளவோ மேல்" என்று ரேடியோ உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தாள். தொப்பிக்காரி ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுப்பதுபோல் கூடாரத் துணியைப் பார்த்துப் படுத்தாள்.

பாப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. உதடு வெடித்தது, நாக்கு அட்டைபோல் ஆனது, ஆனால் விரிப்பு காய்ந்தே இருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனம் மலை ஏறிய நாளில் அவளைக் கவிழ்த்துவிட்டது. வரிசையில் நடந்துகொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள். விசில் டீச்சர் தூக்கிவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, சாயங்காலம் முழுக்க டம்ளர் டம்ளராகத் தண்ணீர் புகட்டினாள். "குடி. முழுசா குடி. மிச்சம் வைக்கக் கூடாது." வேண்டாம் என்று சொல்லப் பாப்பாவுக்கு வாய் வரவில்லை.

விடிந்தபோது கம்பளி, மெத்தை, உடுப்பு எல்லாம் ஈரம். பாப்பா அசையாமல் கிடந்தாள். வெளியே விசில் கேட்டது. காலையில் ஒவ்வொரு கூடாரமாகத் திறந்து படுக்கை ஒழுங்காக மடித்திருக்கிறதா என்று பார்ப்பது டீச்சரின் வழக்கம். ரேடியோ எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சுளித்தாள். விஷயம் புரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

தொப்பிக்காரிதான் எழுந்தாள். மூலையில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கி, முதலில் தன் படுக்கையில் கவிழ்த்தாள். அப்புறம் ரேடியோவின் படுக்கையில். மீதியைப் பாப்பாவின் தலையில். கூடாரத் துணி விலகியது.

"என்ன இது?" என்றாள் விசில் டீச்சர்.

"மழை டீச்சர்" என்றாள் தொப்பிக்காரி. முகாமுக்கு வந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

டீச்சர் வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை. "எங்க மழை?"

"இங்க மட்டும் பெஞ்சுது டீச்சர்" என்றாள் ரேடியோ. "எங்க கூடாரத்துக்கு மட்டும். எங்க ராசி அப்படி."

மூன்று பேருக்கும் சமையல் பாத்திரம் தேய்க்கும் தண்டனை கிடைத்தது. அடிப்பிடித்த அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா போனபிறகு அப்படிச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. சிரிப்பு எங்கேயோ திரும்பி அழுகையாக மாறியபோது, ரேடியோ அண்டாவின் மறுபக்கத்தைத் தேய்த்தபடி மணிக்கூண்டுக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அது ஒரு மறைப்பு என்று பாப்பாவுக்குப் பட்டது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டதெல்லாம் ரேடியோவின் குரல்தான்.

அதற்குப்பிறகு எங்கே போனாலும் மூன்று பேரும் ஒன்றாகவே போனார்கள். தொப்பிக்காரி இவர்கள் வாயில் வெறும் தொப்பி ஆனாள். மற்ற பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் ஆற்றில் குளிக்கும்போது, கரையில் உட்கார்ந்திருந்தவளின் தொப்பியைப் பெரிய பெண்கள் இருவர் உருவி எறிந்தார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றி நீரோடு போய்விட்டது. அவள் தலையில் ஒரு முடிகூட இல்லை. முதலில் யாரோ வீலென்று கத்தினார்கள். பிறகு சிரிப்பு. அவள் எழுந்து, தலையைக் கையால் மூடிக்கொள்ளக்கூட இல்லாமல், ஆற்றோரமாக நடக்க ஆரம்பித்தாள். பாப்பாவும் ரேடியோவும் யாரிடமும் சொல்லாமல் பின்னால் ஓடினார்கள்.

வெகுதூரம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். மரங்கள் நெருக்கி நின்றன, வெளிச்சம் தரையில் சில்லறை சில்லறையாகக் கிடந்தது.

"ஒன்பது வயசுல கொட்டிடுச்சு" என்றாள் தொப்பி. "ஒட்டிக்கும்னு ஸ்கூல்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. ஒட்டாது."

"ஒட்டினாலும் என்ன?" என்றாள் ரேடியோ. "உன் தலை நல்ல உருண்டையா அழகா இருக்குடி. என் முடியை எடுத்தா உள்ள நசுங்கின பாத்திரம் மாதிரி இருக்கும்."

தொப்பி சிரித்தாள். பாப்பா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வெளியாளிடம் அவள் அதைச் சொன்னது அப்போதுதான். ரேடியோவும் என்னென்னவோ சொன்னாள்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் பூனை, படிக்கட்டில் வழுக்கி விழுந்த தபால்காரர், பள்ளிக்கூடத்தில் இரண்டுமுறை உடைந்த மேசை. தன் வீட்டுக்குள் நடப்பது பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை என்பது பாப்பாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

பொழுது சாயும்போது தேடி வந்தவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். விசில் டீச்சரின் முகம் வெளிறிக் கிடந்தது. ஆறு இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் காலை, மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவானது.

பாப்பாவுக்கு வருத்தம், தொப்பிக்குக் கோபம். ஆனால் ரேடியோ டீச்சரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "முகாம் முடியிறவரைக்கும் எல்லாப் பாத்திரமும் நானே தேய்க்கிறேன் டீச்சர். வெளியிலயே படுத்துக்கறேன். வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

"அப்பா அம்மாவைப் பாக்க இப்படியா பயப்படுவாங்க? எல்லாம் ரெண்டு நாள் திட்டுவாங்க, சரியாப் போயிடும்" என்றாள் டீச்சர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அலுவலக வராந்தாவில் பெஞ்சில் காத்திருந்தார்கள். தொப்பியின் அம்மா, தையல்காரி, முதலில் வந்தாள். மகளின் வெறும் தலையைப் பார்த்ததும் தன் சால்வையை எடுத்துச் சுற்றிவிட்டாள். அடுத்து அத்தை. "நாலு நாள் நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தா விடமாட்டியே" என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தவள், பாப்பாவின் வெடித்த உதட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ரேடியோவின் அப்பா கடைசியாக வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பணிவான பேச்சு. டீச்சரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார், பாப்பாவுக்கும் தொப்பிக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். ரேடியோ அப்போது பாப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பூனை இருக்கே, அது..." என்றவள் அவர் நிழல் வாசலில் விழுந்ததும் நின்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் அவள் பிடரியில் கையை வைத்ததும் எழுந்தாள், நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பேசிய பெண்ணின் முகத்தில் வாய் இருந்த சுவடே தெரியவில்லை.

பஸ்ஸில் அத்தை டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கேட்டாள், "அந்தப் பொண்ணு எப்பவுமே இப்படித்தானா?"

"இல்ல அத்தை. வாயே மூடாது."

"ம்" என்றாள் அத்தை.

அந்தப் பெண் தகப்பனைக் கண்டு ஒடுங்கிப்போனதை அத்தை அப்பாவிடம் சொன்னபோது, "அடுத்தவங்க வீட்டு விவகாரம், நாம எப்படித் தலையிடறது" என்றார். அத்தை அவரோடு வாதாடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மணிக்கூண்டு, எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை: ரேடியோ பேசிப் பேசியே வழி சொல்லியிருந்தாள். மாடியில் கதவைத் திறந்தவர் அதே பணிவோடு, "படிப்புக்காக சொந்தக்காரங்க வீட்ல விட்டிருக்கோம்" என்றார். எந்த ஊர் என்று அத்தை கேட்டாள். "நீங்க யாரும்மா கேக்கறதுக்கு?" கதவு சாத்திக்கொண்டது. கீழே கடைக்காரர் இவர்களைப் பார்த்ததும் கண்ணாடி துடைப்பதில் மும்முரமானார். போலீஸ் நிலையத்தில் இருந்தவர், "அடிச்சதை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. திரும்பி வந்தார்கள். மறுபடியும் ஒருமுறை போனபோது மாடியில் வேறு குடும்பம் இருந்தது.

பாப்பாவின் படுக்கை எப்போது காய்ந்தது என்று அவளுக்கே நினைவில்லை. நின்றுவிட்டது, அவ்வளவுதான். படிப்பு ஏறவில்லை. அப்பா சொல்லி டிப்போ பட்டறையில் சேர்ந்தாள், பிரேக் வேலை கைவந்தது. தொப்பி அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு வாரிசானாள். அத்தை ஒரு குளிர்காலத்தில் நெஞ்சு சளியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பேசற பொண்ணு என்ன ஆச்சோ" என்று கடைசி நாட்களில் இரண்டொருமுறை கேட்டாள். அடுத்து அப்பாவும் போனார். வாடகை வீடு ஒருத்திக்குப் பெரிதாகத் தெரிந்தது. தொப்பி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

பாப்பாவுக்கு இருபத்தைந்து வயதான பிறகு ஒருநாள், டிப்போ வாசலில் ஒரு பெண் நிற்கிறாள் என்று காவல்காரர் வந்து சொன்னார். கையில் ஒரு பை. "டிரைவர் பொண்ணு பாப்பா இங்கதானே?" என்று கேட்டதாம். குரலை வைத்து அடையாளம் தெரியவில்லை. கண்ணை வைத்துத்தான் ரேடியோ என்று தெரிந்தது.

பாப்பா அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பதினெட்டிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள் என்பதும், அங்கிருந்து எழுந்து வந்துவிட்டாள் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. "அப்பா மாதிரியேதான்" என்றாள், அதற்குமேல் இல்லை. சாப்பிட்டாள், பட்டன் தைத்துக் கொடுத்தாள், கதவு தட்டினால் எழுந்து உள்ளறைக்குப் போனாள். தொப்பிக்குத் தாங்கவில்லை. "ஏதாவது பேசுடி. பூனையைப் பத்தியாவது சொல்லு" என்று ஒருநாள் கத்திவிட்டு, தானே உட்கார்ந்து அழுதாள். ரேடியோ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பழைய பெண் திரும்பி வருவாள் என்று பாப்பாவும் பல மாதம் காத்திருந்தாள். ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் வரமாட்டாள் என்று புரிந்தது. இருப்பவள் இவள்தான். அன்றைக்குப் பிறகு பாப்பா அவளிடம் எதையும் கேட்கவில்லை.

குளிர் விட்டதும் தூரத்து நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை கிடைத்து ரேடியோ போனாள். போகவேண்டாம் என்று இவர்கள் சொல்லவில்லை. அவள் புருஷன் டிப்போ பக்கம் தேடிவந்து விசாரித்த செய்தி காவல்காரர் மூலம் எட்டியிருந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோ போன் செய்வாள். சொல்வது குறைவு, கேட்பதுதான் அதிகம். போன ஞாயிறு இங்கே தொப்பி பஸ்ஸா ரயிலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், அடுத்த லீவுக்கு இருவரும் அங்கே போவதாக இருக்கிறது. பஸ் என்றால் டிப்போ ஆளுக்குச் சலுகை உண்டு, ஆனால் தொப்பிக்கு வளைவில் வாந்தி வரும். "நீயே சொல்லு, எதுல வரட்டும்?" என்று பாப்பா போனில் கேட்டாள்.

அந்தப் பக்கம் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது.

"ரயில்லயே வாங்க" என்றாள் ரேடியோ. "நான் ஸ்டேஷனுக்கு வரேன்."