ஐந்துக்கு எட்டு

போன வாரம் மருமகள் ஏதோ பத்திரிகையைப் படித்துவிட்டுத் தையல் டேப்போடு வந்து நின்றாள். முகத்தின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் தங்க விகிதம் வர வேண்டுமாம், வந்தால் அழகாம். "எனக்கு வேண்டாஞ் சாமி, டேப்பு கெட்டுப்போயிரும்" என்று சொல்லித் தப்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விகிதத்தை நான் யுத்த காலத்திலேயே மனப்பாடம் செய்தவன். அப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. சட்டையைத் துவைத்தாலும் படம் கழுவும் மருந்து நெடி போகாது. டிராயிங் பரீட்சை தேறியவன் என்ற மிதப்பு வேறு. ஒரு கோட்டை இரண்டாக வெட்டினால், சின்னத் துண்டு பெரியதற்கு எப்படியோ, பெரியது முழுக் கோட்டுக்கும் அப்படியே இருக்க வேண்டும். சுமாராக ஐந்துக்கு எட்டு. இதைக் கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன்.

கூட வேலை செய்த அருளப்பன் நான்காவதோடு நின்றவன். வந்தவர்களின் மோவாயை ஒரு விரலால் லேசாகத் திருப்புவான், அவ்வளவுதான்; படம் பேசும். நாமக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள்கூட "அருளப்பண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். எனக்கு வயிறு எரியும். வெளிச்சம் சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், வேறென்ன.

ஒருநாள் பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு கவுண்டர் தன் பெண்ணைக் கூட்டிவந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம். அந்தக் காலத்தில் கல்யாணப் படம் என்றால் இரண்டு காது, இரண்டு பாதம், பத்து விரலும் தெரிந்தாக வேண்டும். மறைந்திருந்தால் ஊனம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அருளப்பன் அப்படியே எடுத்தான். எடுத்தவனே வெட்டி அட்டையில் ஒட்டுவது கடை வழக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவன் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தான். நான் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இவனைவிட நான் ஒரு படி மேல் என்று காட்டாமல் மனம் ஆறவில்லை. ஐந்துக்கு எட்டு அளந்து, அவள் கண்கள் சரியான இடத்தில் வந்து உட்காரும்படி வெட்டினேன். இடது கை போயிற்று. பாதமும் போயிற்று. ஆனால் அந்த முகம்! அடடா, இன்றும் சொல்வேன், அருளப்பன் எடுத்ததைவிட நான் வெட்டியதுதான் அழகு. அட்டையில் ஒட்டி, அவன் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வீட்டு விலாசத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பத்தாம் நாள் கவுண்டர் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் தயங்குகிறார்களாம். "ஏனுங்க, எம்புள்ள இடது கையை எங்கீங்க வெச்சீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை, கண் கலங்கியிருந்தது. முதலாளி அருளப்பனைப் பார்த்துக் கத்தினார். அருளப்பன் என்னைப் பார்த்தான். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். "தப்பாயிருச்சுங்க" என்று மட்டும் சொல்லி, நெகடிவ் கண்ணாடி பிளேட்டைத் தேடி எடுத்து, அன்றே முழுப் படம் போட்டுக் கொடுத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கல்யாணம் கூடிவந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த மாப்பிள்ளையே வந்தார். சட்டைப் பையிலிருந்து நான் வெட்டிய படத்தை எடுத்தார். "பெரியவங்க திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. நான் குடுக்கலீங்க. இதைப் பெருசு பண்ணி ஊட்டுல மாட்டோணும். யாருங்க பண்ணுனது?"

அருளப்பன் மறுபடியும் என்னைப் பார்த்தான். நிதானமாக, நேரம் கொடுத்துப் பார்த்தான். என்னுடையது என்றால் அன்றைய பழியும் என்னுடையதாகும், வேலை போகும். நான் மறுபடி பென்சில் சீவ உட்கார்ந்தேன்.

"நாந்தானுங்க" என்றான்.

மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பழியைச் சுமந்தவனுக்குத்தானே புகழும் என்று நியாயம் பேச இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது மளிகை மண்டி. பிளேட்டுகளைச் சுரண்டிக் கழுவி ஜன்னல் கண்ணாடிக்கு விற்றுவிட்டார்கள். பத்து விரலை எண்ணிப் பார்க்கிறவர்களும் இல்லை, கத்துவதற்கு முதலாளியும் இல்லை. அது நான் வெட்டிய படம் என்று இனி ஊரெல்லாம் சொல்லலாம், யார் நம்புவார்கள்? அது தெரிந்த ஒரே ஆள் அருளப்பன். போன தையில் அவனும் போய்விட்டான்.