செடிக்கு நைட் ஷிப்ட்

இன்று காலை சிம்பிடியம் ஆர்க்கிட் தொட்டியைப் படுக்கையறையிலிருந்து வாசலுக்குத் தூக்கி வந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"தெனமும் உள்ள வெளியன்னு எதுக்குமா தூக்குற? ஒரே எடத்துல வச்சாதான் என்னா?"

வெளியிலேயே வைத்தால் எங்கள் ஊர் செனாவாங்கின் ராத்திரிப் புழுக்கத்தில் மொட்டு விடாது. உள்ளேயே வைத்தால் வெளிச்சம் போதாது. அதனால் பகலில் வாசல், ராத்திரியில் படுக்கையறை ஏர்கோன் குளிர் என்றேன்.

"இது குளுரான கேமரன் மல பூ லா. இங்கலாம் பூக்காது."

"பூக்க வச்சு காட்டுறேன்கா."

அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், மோட்டாரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ராத்திரி என் எடத்துல அது படுக்குது. காலையில நான் வந்தா அது வெளிய போயிருது. எங்க ரெண்டு பேருக்கும் ஷிப்ட் சரியாதான் இருக்கு, அக்கா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவருக்குப் பகல் ஷிப்ட். செடி கேட்கும் குளிர் அவருக்கு ஆகாது, விடிய விடியத் தும்முவார். வீட்டில் ஏர்கோன் இருப்பதோ ஒரே அறையில்.

ஹாலில் யார் படுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.