முதலில் உட்கார்ந்தவள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் யாரும் தோற்றுப்போவதில்லை. 'கிவ் அப்' பண்ணிவிடுகிறார்கள். டயட் கிவ் அப். பாண்டி பஜாரில் வண்டி நிறுத்த இடம் தேடுவது கிவ் அப். மருமகளைத் திருத்துவதும் கிவ் அப். 'தோத்துட்டேன்' என்று சொல்ல வாய் கூசும். இங்கிலீஷில் சொன்னால் கௌரவமாக இருக்கிறதாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல்கள் வந்தன. ஆனால் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்து, ஆளே வராத நேரத்திலும் மடித்த சேலையை உதறி மறுபடி மடித்துக்கொண்டிருப்போம். எனக்குக் காலில் நரம்பு புடைத்து, தூக்கமே போய்விட்டது.

பக்கத்துக் கவுண்டரில் என் தோழி. அடையாற்றங்கரைப் பெண். அவள்தான் தைரியம் சொன்னாள்.

"இன்னாத்துக்குடி பயப்புட்ற? நாளிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா குந்துவோம். ஒருத்தி குந்துனாதான் திட்டுவாரு. கிவ் அப் மட்டும் பண்ணக் கூடாது. நான் கீறேன்ல?"

மறுநாள் மதியம் கூட்டமில்லை. கண்ணைக் காட்டினாள். நான் உட்கார்ந்தேன். அவள் ஒரு சேலையை எடுத்து உதறினாள்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "என்னம்மா, மகாராணிக்குக் கால் வலிக்குதோ?"

நான் அவளைப் பார்த்தேன். சேலையிலிருந்து தலை தூக்காமல், "நான் அப்பவே வோணாம்னு சொன்னேன் சார். இவதான் கேக்கல" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் திட்டியது எதுவும் காதில் விழவில்லை. அன்றைக்கே என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்டூலும் இல்லை.

கடை விட்டதும் பின்னாலேயே ஓடிவந்தாள். "கோச்சிக்காதடி. அவரப் பாத்ததும் கையி காலு உதறிச்சி. கிவ் அப் பண்ணிட்டேன்."

பயந்துபோய் நின்றாள் என்றால் பரவாயில்லை, அந்தக் கடையில் பயப்படாதவர் யார்? வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாமே!

"இதுக்குப் பேரு கிவ் அப் இல்லடி. நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறது" என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எதுவும் நடக்காததுபோல் எனக்கும் பெஞ்சில் இடம் பிடித்து வைத்துக் காத்திருந்தாள். என் கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அவள் பக்கத்தில் உட்கார மனம் வரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.