நீல வண்டி காய்ந்த நான்கு மணி நேரம்

ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய். எண்பதுகளின் கடைசியில் என் பழைய பிக்கப் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆன செலவு அது. டிங்கர் வேலைக்கு முந்நூற்றைம்பது, பட்டிக்கும் உப்புத்தாளுக்கும் நூற்றுநாற்பது, பிரைமர் நூற்றுப்பத்து, நீல எனாமல் ஆறு லிட்டர் முந்நூற்று எழுபத்திரண்டு, தின்னர் எண்பத்தெட்டு, கூலி அறுநூறு, எழுத்து எழுத எழுபத்தைந்து. இப்போதும் யாராவது வண்டியைப் பெயிண்டுக்கு விட்டிருப்பதாகச் சொன்னால் இதை ஒப்பிப்பேன். இன்று ஒரு கதவுக்கே அவ்வளவு ஆகிறது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கணக்கில் ஏறாத ஒரு தொகை உண்டு. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் அப்போது ஆறு தறிக்கூடங்கள். எல்லாவற்றிலும் விசைத்தறி, எல்லாவற்றிலும் பேண்டேஜ் துணி. நான் மில்லில் குமாஸ்தாவாக இருந்து, பிறகு சொந்தமாக ஆறு தறி போட்டவன். மற்ற ஐந்து பேரும் என்னைவிடப் பெரிய கூடம் வைத்திருந்தார்கள். ஆனால் வண்டி வைத்திருந்தது நான் ஒருவன்தான். மதுரையில் ஒரு பால் வியாபாரியிடம் வாங்கிய பழைய வண்டி. ஒரு வருஷம் வரை அதில் பால் வாடை போகவில்லை. ஆறு கூடத்துத் துணிக்கட்டுகளும் அதில் ஏறித்தான் மதுரைக்குப் போயின. கட்டுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினேன். ஓட்டியவன் என் மச்சினன், பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவன்.

சரக்கு வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் ஓடலாம். அதற்கு முந்தைய வருஷமே அவர் கதவின் அடிப்பாகத்தைப் பேனாவால் தட்டினார். துரு பொலபொலவென்று அவர் செருப்பில் கொட்டியது.

"இந்தத் தடவை போடுதேன். அடுத்த வருஷம் இந்தக் கோலத்துல கொண்டு வந்தா திருப்பி அனுப்பிருவேன். பாத்துக்கிடுங்க."

வருஷம் ஓடிவிட்டது. மதுரைத் தரகர் ஒருவர் பன்னிரண்டாயிரம் தருகிறேன், வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை வந்துபோனார். எஃப்.சி. கிடைக்காவிட்டால் அந்த விலையும் கிடைக்காது என்பதை அவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். எனக்குத் தூக்கம் கெட்டது. வண்டி போனால் என்னிடம் மிஞ்சுவது ஆறு தறி. தெருவில் ஆறு தறிக்காரன் ஆறாவது ஆள். வண்டி இருந்தவரைதான் காலையில் ஐந்து முதலாளிகளும் என் வாசலில் வந்து, "இன்னைக்கு எத்தனை மணிக்குப் புறப்படும்?" என்று கேட்டார்கள்.

ஆகவே பெயிண்ட் அடிப்பது என்று தீர்மானித்தேன். எஃப்.சி.க்கு ஒரு திங்கட்கிழமை நாள் கிடைத்தது.

பெயிண்டருக்குத் தென்காசி ரோட்டோரம் திறந்த இடம். பஸ் போகும்போதெல்லாம் புழுதி எழும்பும். மதுரையில் மூடிய கொட்டகை உண்டு, ஆனால் வாடகை மட்டும் நானூறு, டீசல் தனி. பெயிண்டரே சொன்னார்: "அண்ணாச்சி, உங்க தறிக்கூடத்துப் பின்னால இம்புட்டு இடம் கெடக்கு. நாலு பக்கமும் செவுரு. புழுதின்னு ஒண்ணு உள்ள வராது. இங்கயே அடிச்சிருவோம்." மச்சினன் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பட்டாளத்துக்காரன் தோரணையில் சரி என்றான். நானும் சரி என்றேன். நானூறு மிச்சம்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் தறிகளுக்கு விடுமுறை. ஆனால் அன்று பட்டி சரியாகக் காயவில்லை. சனிக்கிழமை காலை பிரைமர் மேல் நீலத்தை அடித்தார் பெயிண்டர். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது வண்டி. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வண்டிக்கு மயிர் முளைத்திருந்தது.

பஞ்சு. தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி. சுவருக்கு மேலே நாள் முழுக்க மிதந்துகொண்டிருப்பது, ஈரப் பெயிண்டைக் கண்டதும் வந்து இறங்கிவிட்டது. பெயிண்டர், மச்சினன், நான், மூவரும் அந்தப் பஞ்சிலேயே வளர்ந்தவர்கள். எங்கள் முடியில் பஞ்சு, சாம்பாரில் பஞ்சு. வெளியூர் மாப்பிள்ளை யாராவது வந்து தும்மினால்தான் அது இருப்பதே எங்களுக்கு நினைவு வரும். மூன்று பேரில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை.

மச்சினன் வண்டியைச் சுற்றி வந்தான். "மச்சான், இதுக்கு எஃப்.சி. வேண்டாம். கால்நடை டாக்டருட்ட காமிச்சா போதும்."

"வாய மூடு மாப்ளே."

"வெள்ளை அடிச்சிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"ஆர்.சி. புத்தகத்துல நீலம்னு போட்டிருக்கு."

பெயிண்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். ராத்திரி நன்றாகக் காயட்டும், காலையில் தண்ணீர்த்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்கலாம் என்றார். மேலும் இரண்டு லிட்டர் பெயிண்ட். நூற்று இருபத்து நான்கு ரூபாய். "ஆனா அண்ணாச்சி, அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து நாலு மணி நேரம் ஒரு பஞ்சு பறக்கக் கூடாது. உங்க தறிய நிப்பாட்டுவீங்க. மத்தவிய தறிய யாரு நிப்பாட்ட?"

அதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லாக் கூடமும் ஓடும். ஐந்து முதலாளிகளிடமும் போய், என் வண்டிக்காக உங்கள் தறியை நிறுத்துங்கள் என்று எப்படிக் கேட்பது? அவர்கள் என் பங்காளிகள் அல்ல, போட்டிக்காரர்கள். நெசவாளிகளுக்கோ மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் அவர்கள் கூலியும் நிற்கும். நான் கேட்கவில்லை. பழைய சேலைகளைக் கட்டி வண்டியைச் சுற்றி மறைக்கலாமா என்று யோசித்து, எத்தனை சேலை வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை பெயிண்டர் தேய்த்து முடிக்கும் நேரத்தில் என் மனைவி வெளியிலிருந்து வந்தாள்.

"பத்து மணிக்கு நிப்பாட்டுதாகளாம்."

"யாரு?"

"எல்லாரும்தான். அஞ்சு வீட்டுலயும் சொல்லிட்டு வாரேன்."

"உன்னய யாரு போகச் சொன்னா? என்ன நெனப்பாக?"

"நீங்க சேலைய அளந்துக்கிட்டு இருந்தீய. அதுல ரெண்டு என் கல்யாணச் சேலை. போகாம என்ன செய்ய?"

பத்து மணிக்கு எங்கள் தறி நின்றது. அப்புறம் எதிர்க் கூடம், அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் தெருவே ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை ஓய்வு வேறு. அன்று எல்லாரும் வெளியே போயிருப்பார்கள். இன்றைக்கு ஆட்கள் தறி முன்னால் நிற்க, தறி மட்டும் நின்றது. பெயிண்டர் ஸ்பிரே இயந்திரத்தை ஓட்டி நீலத்தை அடித்து முடித்தார். அதையும் நிறுத்திய பிறகு, கோயில் பக்கம் ஒரு காக்கை கரைவது கேட்டது.

தறித்தெருக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, எங்களுக்கு மெதுவாகப் பேசவே வராது. தறி நின்றுவிட்டது, ஆனால் யாரும் குரலைக் குறைக்கவில்லை. ஆறு கூடத்துப் பேச்சும் தெரு முழுக்கக் கேட்டது. ஒரு வீட்டில் குழம்புக்குப் புளி அதிகம். இன்னொரு வீட்டில் மருமகளுக்குத் தூக்கம் அதிகம். நான் ஈரத் துண்டோடு வண்டிக்குக் காவல் நின்றேன். எதிர்க் கூடத்து முதலாளியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, கூடத்தில் தமிழ்.

அவரிடம் ஒரு நெசவாளிப் பெண் கேட்டாள்: "மொதலாளி, அந்தக் கணக்குப்புள்ள ஷெட்டு வாடகைய மிச்சம் புடிக்கதுக்கு நாங்க கூலிய விடணுமா?"

எனக்கு அந்தப் பெயர் இருப்பது அன்றுதான் தெரியும். மச்சினன் துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

"ஒன் கூலிய நான் தாரேன். உக்காரு ஏட்டி."

"அவரு வண்டிக்குப் பவுடர் போட நீங்க ஏன் தரணும்?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மழையில நம்ம சரக்கு மதுரைக்குப் போச்சே, நெனவிருக்கா?"

"கம்மா ஒடைஞ்சு ரோட்டுல ராவெல்லாம் வண்டி நின்னுச்சே, அதுவா?"

"அதுதான். நம்ம கட்டுல ஒரு சொட்டு ஈரம் படல. மத்த நாலு பேரு கட்டுலயும் படல. அவரு கட்டு பதினாலும் நனைஞ்சு பழுத்துப்போச்சு. எப்பிடி?"

பதிலையும் அவரே சொன்னார்.

"அவரு கட்ட வெளி ஓரத்துல அடுக்கி, நம்ம கட்ட நடுவுல வச்சிருக்காரு. இருந்த ஒத்தத் தார்ப்பாயையும் நடுவுலயே போட்டுருக்காரு. மதுரைக் கமிஷன் கடைக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த மனுசன் இன்னைக்கு வரை வாயத் தொறக்கல. நாலு மணி நேரந்தான? உக்காரு."

அது உண்மைதான். வாடகை வாங்கி ஏற்றிய சரக்கு முதலில், சொந்தச் சரக்கு பிறகு என்பது எனக்கு ஒரு கணக்கு. நனைந்த பேண்டேஜ் துணி மஞ்சள் பூத்துவிடும், எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. பதினான்கு கட்டையும் தரை துடைக்கிற துணியாகக் கொடுத்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை; மச்சினனிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். என் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பதினாலா?" என்று மட்டும் கேட்டாள். நான் வண்டியின் பானெட்டைக் கவனமாகப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. பெயிண்ட் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

இரண்டு மணிக்குப் பெயிண்டர் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். மச்சினன் தெருவில் இறங்கிக் கையைத் தூக்கினான். தறிகள் ஓடத் தொடங்கின.

சாயங்காலம் ஐந்து கூடத்துத் தறிகளுக்கும் நான்கு மணி நேரக் கூலியைக் கணக்குப் போட்டு, பணத்தை ஐந்து கவரில் வைத்து எடுத்துக்கொண்டு முதலில் எதிர்வீட்டுக்குப் போனேன். கடன் என்றால் எனக்கு ஆகாது. அவர் கவரைத் தொடவில்லை.

"அந்தப் பதினாலு கட்டுக்கு யாருட்டயும் பில்லு போட்டீரா?"

"இல்ல."

"அப்ப இதையும் உள்ள வையும். போயி வண்டியப் பாரும். பூனை கீனை ஏறிரப் போகுது."

மற்ற நான்கு வீடுகளுக்கும் நான் போகவில்லை. போனாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். அதை நாலு தடவை கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

திங்கள் காலை, புறப்படுவதற்கு முன், பெயிண்டர் எழுத்து எழுத வந்தார். எழுத்துக்கு மூன்று ரூபாய். பின்னால் எழுத வேண்டியதும், முன் நெற்றியில் என் கூடத்தின் பெயரும் சேர்த்து இருபது எழுத்து, அறுபது ரூபாய் என்று பேசியிருந்தோம். அவர் சாக்பீஸால் கோடு போடும்போது சொன்னேன்: "நெத்தியில என் கூடத்துப் பேரு வேண்டாம். தெருப் பேர எழுதும்."

"அண்ணாச்சி, தெருப் பேருக்கு அஞ்சு எழுத்துக் கூடுதல். பதினஞ்சு ரூவா ஆகும்."

"தெரியும். எண்ணிட்டேன்."

மச்சினன் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. என் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துக் கதவின் அடியில் தட்டினார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. விளக்கைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நெற்றி எழுத்தைப் படித்தார்.

"எந்த ஷெட்டுல அடிச்சீங்க? தூசி விழாம அடிச்சிருக்கான்."

"எங்க தெருவுலதான் சார்."

"தெருவுலயா? தறித்தெருன்னுல்லா எழுதியிருக்கு."

"ஆமா சார்."

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஐப்பசி மழையின் கதையை அவரிடம் சொல்ல எனக்கு ஆசைதான். பின்னால் ஆறு வண்டி நின்றது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கதவுக்கு வெளியே கையைப் போடவில்லை, பெயிண்ட் கெட்டுவிடும் என்று. தெரு முனையில் மச்சினன் ஹாரனை நீளமாக அடித்தான். வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. மறுபடி அடித்தான். ஆறு கூடத்துத் தறிகளும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் எங்கள் ஹாரன் யாருக்குக் கேட்கும்?

இறங்கி எதிர்க் கூடத்துக்குள் போனேன். அவர் தறியில் பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காதருகே குனிந்து, "பாஸாயிருச்சு" என்றேன்.

"என்னது?"

"எஃப்.சி. பாஸ்."

"கேக்கல. சத்தமாச் சொல்லும்."

சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை. அந்த நெசவாளிப் பெண் தறியிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அடுத்த கூடத்துக்குப் போனேன், அதற்கடுத்ததுக்கும். ஐந்து கூடத்திலும் போய்க் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. என் மனைவி சுடுதண்ணீர் வைத்திருந்தாள்.