சிஷிம்பா போனை அணைத்த சனிக்கிழமை

லுசாக்காவில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், வாட்ஸப் குழு தொடங்கி, நாற்காலி யார், அடுப்புக்கரி யார், சோள மாவு யார் என்று பிரித்துக் கொடுப்பவர் சிஷிம்பா. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஒரு நாளாவது ஓய்வெடுங்கள் என்றார் மருத்துவர். சனிக்கிழமை காலை அவர் யாரிடமும் சொல்லாமல் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

நான் பதினான்கு முறை அழைத்துப் பார்த்தேன். அந்தப் போன் அணைந்து நான் கண்டதே இல்லை. பதறிப்போய் எதிர்வீட்டு புவால்யாவிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குப் பெண்கள் அழுதுகொண்டே சிஷிம்பா வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஆண்கள் வாசலில் கரி மூட்டைகளை இறக்கினார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த சிஷிம்பா, "ஐயையோ, யாரு போனது?" என்றார்.

"நீங்கதாண்ணே!" என்றார் புவால்யா. "போன் அணைஞ்சிருந்தா நீங்க உயிரோட இருப்பீங்கன்னு யாரு நினைப்பா?"

"அதுக்கு எதுக்குய்யா ஒன்பது மூட்டை கரி? மாவு ஒருத்தரும் கொண்டாரலியா?"

"பிரிச்சுக் குடுக்க நீங்க இல்லையே! இப்ப மூணு குழுவுல அழுதுட்டிருக்காங்க. போனை எடுத்து நீங்களே சொல்லிருங்கண்ணே."

சிஷிம்பா அலமாரியை நோக்கி நடந்தார். மனைவி முசோண்டா குறுக்கே வந்து நின்றாள்.

"செத்தவர்கிட்ட யாராவது வேலை சொல்வாங்களா? சாயங்காலம் வரைக்கும் இவரு செத்தவருதான். நீங்கள்லாம் உக்காருங்க, வீட்டுல இருக்கிற மாவுல களி நான் கிண்டுறேன். குழுவுக்கெல்லாம் இந்தப் பதற்றக்காரர் பதில் போடட்டும்" என்று என்னைக் காட்டினாள்.

சிறிது நேரத்தில் கொல்லைப்புறத்திலிருந்து குறட்டை கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.